மாடியில் ஒரு லாரிப் பின்கதவு

எங்கள் மருமகள் சுவர் ஏறுவாள் என்பதைச் சம்பந்தி வீட்டார் நிச்சயதார்த்தத்தின்போது சொல்லவில்லை. பெங்களூரில் கணினி வேலை, கோபம் வராது, ஓரளவு சமைப்பாள் என்று சொன்னார்கள். அம்மாபேட்டையில் ஒரு காலத்தில் தறி வைத்திருந்து இப்போது ஜவுளி வியாபாரம் செய்கிற குடும்பம். பொய் சொல்கிறவர்கள் இல்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறவர்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கத்தில் கட்டடப் பொறியாளராக இருந்தவன். தணிக்கைக்கு வருகிறவர்களிடம் நானும் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறேன். அதனால் சம்பந்தி மேல் எனக்கு வருத்தம் இல்லை, மரியாதை கொஞ்சம் கூடியது.

சுவர் என்றால் வீட்டுச் சுவர் இல்லை. பெங்களூரில் பெரிய கிடங்குகளுக்குள் கூரை வரைக்கும் பலகை அடித்து, கைக்கும் காலுக்கும் பிடிப்பாக விதவிதமான கட்டைகளைத் திருகி வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து உள்ளே போகிறவர்கள் அந்தக் கட்டைகளைப் பிடித்து ஏறுகிறார்கள், கீழே மெத்தையில் விழுகிறார்கள், எழுந்து மறுபடி ஏறுகிறார்கள். கல்யாணமான புதிதில் அவளிடம் கேட்டேன்.

"மேல போனா என்ன சாமி இருக்குது?"

"ஒண்ணும் இல்லீங்க மாமா. இறங்கிரணும்."

பதவி உயர்வுக்காகப் பல வருடம் காத்திருந்தவனுக்கு இந்தப் பதிலில் புரியாதது எதுவும் இல்லை.

மகனுக்குச் சேலத்தில் வேலை மாற்றலானதும் இருவரும் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அவளுடைய கம்பெனி வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டது. வெள்ளிக்கிழமை மாலை பெங்களூர் பஸ் ஏறுவாள். இரண்டு நாள் சுவர் ஏறிவிட்டுத் திங்கட்கிழமை காலை விரல்களில் டேப் சுற்றிக்கொண்டு வந்து இறங்குவாள். பஸ் ஏறுவதும் சுவர் ஏறுவதுமாகப் போய்க்கொண்டிருந்தது.

அவள் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் பேச்சு என்பது இரண்டு விஷயங்களில் அடங்கும். சிலிண்டர் தீர்ந்ததா, மாத்திரை போட்டாச்சா. அவள் வந்த பிறகு பேப்பரை உரக்கப் படித்து அதோடு சண்டை போட்டாள். ரசத்தில் என்ன குறை என்பதை என் மனைவியிடம் நேரில் சொன்னாள். நான் திருமணமான நாளிலிருந்து சொல்லத் துணியாத விஷயம் அது. என் மனைவி பதிலுக்கு அவளுடைய தோசையைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்கு ஒரு சத்தம் வந்தது.

ஒரு நாள் சாப்பாட்டின்போது அவள் மெதுவாகச் சொன்னாள். பெங்களூரில் அவளோடு சுவர் ஏறி, விழுந்தால் ஏசி மறுபடி ஏறவைக்கும் தோழிகள் இருக்கிற வீட்டில் ஒரு கட்டில் காலியாகிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கே தங்கிவிட்டு, சனி ஞாயிறு இங்கே வந்துவிடலாம் என்று யோசிக்கிறாள்.

"ஏங் கண்ணு, இங்க சோறு புடிக்கலையா?" என்றாள் என் மனைவி.

"சோறு புடிச்சதுதாங்க அத்தை பிரச்சினை. வாரத்துல ரெண்டு நாள் மட்டும் ஏறுனா கை எல்லாத்தையும் மறந்துருது. நாலு வருஷமா ஏறி வந்ததெல்லாம் கீழ போயிட்டிருக்குது."

"வீட்ல வெச்சு ஏற முடியாதா?" என்று கேட்டேன்.

"பலகை வெச்சு ஏறுறவங்க இருக்காங்க மாமா. வெளிநாட்டுல. இங்க அதை யாரு செஞ்சு குடுப்பாங்க?"

மகன் மோரை ஊற்றிக்கொண்டான். அவன் அப்படித்தான். நெருக்கடி வந்தால் மோருக்குப் போய்விடுவான்.

மறுநாள் காலையில் காபி டம்ளரை வைத்த கையோடு என் மனைவி சொன்னாள்: "ஏனுங்க, அந்தப் பலகைய நீங்க செஞ்சு போட்டுருங்க. அந்தப் புள்ள போயிருச்சுன்னா நான் நாள் முச்சூடும் உங்க மூஞ்சியவே பாத்துட்டு உக்காந்திருக்கோணும்."

இதைவிடத் தெளிவான நிர்வாக ஒப்புதல் என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

இடத்துக்குப் பஞ்சமில்லை. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டுத் துணி காயப்போடுகிற இடம் நல்ல உயரம். தளம் தாங்குமா என்று கணக்குப் போட்டேன். பலகை, சட்டம், அவள் எடை, விழும்போது வரும் அதிர்வு எல்லாவற்றையும் சேர்த்து, வந்த விடையை இரண்டால் பெருக்கினேன். தளம் என்னுடையது என்பதால் மறுபடியும் இரண்டால் பெருக்கினேன். அப்படியும் தாங்கியது. வீடு கட்டும்போது கம்பி அதிகம் என்று கொத்தனார் சலித்துக்கொண்டது நினைவுக்கு வந்து மனசு நிறைந்தது.

பலகை நேராக நிற்கக்கூடாது. ஏறுகிறவர் மேல் கவிந்து நிற்க வேண்டும், பாதி திறந்த பெட்டியின் மூடியைப் போல. அதிலும் ஒரே சாய்வு போதாது. சில நாள் கொஞ்சமாகவும் சில நாள் அதிகமாகவும் சாய்த்துக்கொள்ள முடிந்தால்தான் பயிற்சி என்று அவள் கைபேசியில் படம் காட்டினாள். நான் வரைபடம் போட்டு மூன்று இடங்களில் விலை கேட்டேன். ஒரு கரண்டி வாங்கினாலும் நான் மூன்று இடத்தில் விலை கேட்கிறவன்; என் மனைவி இதை உறவினர்களிடம் நோயைப் போல விவரிப்பாள்.

தச்சர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செவுரு சாஞ்சிருக்குதுங்களே. நிமுத்திரலாமுங்க, கவலப்படாதீங்க" என்றார். கவிந்துதான் இருக்க வேண்டும் என்றதும், அதற்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். கேட், கிரில் செய்கிறவர் ஒப்புக்கொண்டார். ஆனால் நடுவில் ஒரு மயில் வைத்தே தீருவேன் என்றார்.

மூன்றாவது, சங்ககிரியில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. அதன் சொந்தக்காரர் என் மனைவிக்குச் சித்தப்பா மகன். எனக்கு மைத்துனர், ஆகவே என்னைக் கிண்டல் செய்யும் பிறப்புரிமை பெற்றவர். மருமகளையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கைபேசிப் படத்தை ஒரே தடவை பார்த்தார்.

"இதென்னுங்க மச்சான், நம்ம பின்கதவுங்க."

"எது?"

"லாரிப் பின்கதவு. கீழ கீலு, ரெண்டு பக்கமும் சங்கிலி. எந்தக் கண்ணில சங்கிலிய மாட்டுறமோ அந்த அளவுக்குச் சாயும். நாங்க தெனமும் செய்யறதுதான். இதுக்குப் போயி வெளிநாட்டுல படம் புடிச்சு வெச்சிருக்கறாங்க."

"பலமா இருக்கோணும் மாப்ள. மருமவ தொங்கப் போறா."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஜல்லி லோடு தாங்குது. இந்தப் புள்ள என்ன, ஒரு மூட்டை சிமெண்டு இருக்குமா?"

"ஒரு மூட்டையும் கொஞ்சமும்ங்க" என்றாள் அவள்.

அதோடு ஒப்பந்தம் முடிந்தது. இரும்புச் சட்டம், அதன் மேல் கனமான பிளைவுட், கட்டைகளைத் திருக வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் பல்லுள்ள ஒரு நட்டு அடிக்க வேண்டும். கட்டையைக் கழற்றி இடம் மாற்றி மாட்டலாம். மெத்தைக்கு நான் சேலத்தில் ஃபோம் வாங்கினேன். சங்ககிரியில் லாரித் தார்ப்பாய் தைக்கிறவர் அதற்கு உறை தைத்தார். மழை பெய்தால் கூட ஒரு சொட்டு இறங்காது, சரக்கு எந்தச் சேதமும் இல்லாமல் போய்ச் சேரும் என்று உத்தரவாதம் கொடுத்தார். சரக்கு என் மருமகள் என்று நான் விளக்கவில்லை.

வழுக்காமல் இருக்கக் கையில் பூசுகிற வெள்ளைப் பொடியை மட்டும் அவள் கூரியரில் வரவழைத்தாள். பொட்டலத்தைப் படித்துப் பார்த்தேன். மக்னீசியம் கார்பனேட். சேலத்துக்காரன் பிறந்ததிலிருந்து பார்க்கிற வெள்ளைக்கல். ஊருக்கு வெளியே மலை மலையாகக் கிடக்கிற பொருள், கடல் தாண்டிப் போய்ப் பொட்டலமாகி, விமானம் ஏறி எங்கள் வாசலுக்கு வந்திருந்தது. இதில் நான் தலையிடவில்லை. கொள்முதல் பிரிவு என்னுடையது அல்ல.

கட்டைகள்தான் அவளுடைய வேலை. பட்டறையில் மிஞ்சிய வேப்பமரத் துண்டுகளை வாங்கி வந்து, விரல் நுனி மட்டும் பிடிக்கிற மெல்லிய விளிம்பு, உள்ளங்கை கவ்வுகிற உருண்டை, மூன்று விரல் நுழைகிற குழி என்று பல வடிவங்களில் வெட்டுவித்தாள். பிறகு சாயங்காலங்களில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாள். விளிம்பு கூராக இருந்தால் விரல் கிழியும், மழமழவென்று இருந்தால் வழுக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு சொரசொரப்பு வேண்டும் என்றாள். ஒவ்வொரு கட்டையையும் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பாள். என் மனைவி தூசி தூசி என்று திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். மாதம் பாதிக்கு மேல் போனபோது கட்டைகள் தயார். மாட்டி அனுப்பச் சொல்லி எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுப் பட்டறைக்கு அனுப்பினோம்.

மாதக் கடைசி வாரத்தில் மைத்துனர் போன் செய்தார். "வேலை ஆயிருச்சுங்க மச்சான். நாளைக்கு அனுப்பட்டுங்களா?"

"அரைகுறையா அனுப்பக்கூடாது மாப்ள. எல்லா வேலையும் முழுசா முடிச்சு, இங்க வந்து மாட்டுறது மட்டுந்தான் பாக்கிங்கற மாதிரி வரோணும்."

"அட, பட்டறைய உட்டு ஒரு வண்டி அரைகுறையா வெளிய போயிருக்குதுங்களா? நீங்க உடுங்க. இன்னும் ரெண்டு நாள் குடுங்க."

அந்த இரண்டு நாள் எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒப்பந்தக்காரர் அவகாசம் கேட்டால் காரணம் கேட்க வேண்டும் என்பது பணியில் சேர்ந்தவனுக்கு முதல் நாளே சொல்லித் தருவது. மைத்துனர் என்பதால் விட்டுவிட்டேன்.

லாரியும் பின்னால் ஒரு கிரேனும் எங்கள் தெருவுக்குள் வந்தன. தார்ப்பாய் போட்டு மூடிய பலகையைக் கிரேன் மாடிக்குத் தூக்கியது. எதிர்வீட்டுக்காரர், அவரும் ஓய்வு பெற்றவர்தான், வெளியே வந்து நின்றார். "லாரி வாங்கிட்டீங்களாட்ட இருக்குது. மீதி எப்பங்க வருது?" என்றார். தவணையில் வருகிறது என்றேன்.

சட்டத்தைத் தளத்தில் பொருத்தி, சங்கிலியை மாட்டிய பிறகு மைத்துனர் தார்ப்பாயை இழுத்தார். எலுமிச்சை மஞ்சளில் பலகை பளபளத்தது. ஓரமெல்லாம் சிவப்புக் கோடு. நான்கு மூலையிலும் தாமரை. உச்சியில் நீல எழுத்தில் 'தாய் தந்தை ஆசி'. நடுவில் நாக்கு நீட்டிய திருஷ்டி முகம். அவள் தேய்த்த கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில், பச்சை, சிவப்பு, நீலம் என்று இரண்டு கோட் எனாமல் பூசி, கண்ணாடி போல மின்னின.

"வெறும் மரமா அனுப்புனா ராசி இல்லீங்க" என்றார் மைத்துனர். "நம்ம பட்டறையிலயே நல்ல பெயிண்டர உட்டு எழுதுனது. புது வண்டி மாதிரி இருக்குது பாருங்க."

மருமகள் ஒரு சிவப்புக் கட்டையின் மேல் விரல்களை வைத்தாள். விரல்கள் வெண்ணெயில் வைத்த மாதிரி இறங்கின. இன்னொன்றைத் தொட்டாள். பிறகு திரும்பி, "ரொம்ப அழகா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் மோர் எடுத்துவரக் கீழே போனாள். அம்மாபேட்டை வளர்ப்பு. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லமாட்டார்கள்.

எல்லாரும் போன பிறகு படிக்கட்டில் அவள் போனில் பேசுவது என் காதில் விழுந்தது. "இல்லடி, சரியா வரல. கட்டிலை எனக்கே வெச்சுரு. ஒண்ணாந் தேதி வந்தர்றேன்."

நான் கூடத்துக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிந்துகொண்டிருந்த அவரைக்காயைத் தள்ளிவைத்துவிட்டு மாடிக்கு வந்து பலகையைப் பார்த்தாள்.

"நல்லாத்தான இருக்குது. என்ன குறை?"

"வழுக்குதுங்க அத்தை."

"வழுக்குனா தேய்க்கோணும். மூஞ்சியத் தொங்கப்போட்டா பெயிண்டு உரிஞ்சு வருமா?"

"அத்தனையும் தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள மாசம் முடிஞ்சுருமுங்க. ஒருத்தியா எத்தனை நாளுங்க தேய்ப்பேன்?"

"யாரு உன்ன ஒருத்தியா தேய்க்கச் சொன்னா? இந்த ஊட்ல சும்மா உக்காந்திருக்கறது யாருன்னு உனக்கே தெரியும்." இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. தேவையும் இல்லை.

பலகையை அப்படியே விடலாம், கட்டைகள் மட்டும் சரியானால் போதும் என்று மருமகள் சொன்னாள். நான் எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் போட்டேன். பெயிண்ட் கரைக்கிற திரவம் வாங்கலாமா என்றேன். மரம் அதை உறிஞ்சிக்கொண்டு பிறகு விரலைத்தான் தின்னும் என்றாள். ஆகவே உப்புத்தாள். மகன் அலுவலகத்திலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். மோர் கேட்கவில்லை.

மறுநாள் விஷயம் தெரிந்து மைத்துனர் தேய்க்கிற மெஷினோடு வந்துவிட்டார். முதல் கட்டையில் மெஷினை வைத்ததும் விளிம்பு காணாமல் போனது.

"அதை எடுத்து அக்கட்ட வையி" என்றாள் என் மனைவி. "நீ பண்ணுனது போதும். உக்காந்து கையில தேயி."

"ஏனக்கா, ஒரு நல்ல பொருளக் கெடுக்கறதுக்கு இத்தனை பேரா? தெரிஞ்சிருந்தா பெயிண்டு அடிக்காமயே ராசி இல்லாம அனுப்பியிருப்பேன்."

"உன்ற மச்சான்தான முழுசா முடிச்சு அனுப்பச் சொன்னாரு."

"அத வேற சொல்லி உட்டாருங்களா" என்றார் அவர், என்னைப் பார்த்து. நான் பச்சைக் கட்டை ஒன்றில் கவனமாக இருந்தேன்.

மூன்று சாயங்காலம் தேய்த்தோம். அவள் ஒவ்வொன்றையும் வாங்கிக் கண்ணை மூடித் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். என்னுடையவை அதிகம் திரும்பின. மைத்துனருடையவை குறைவாகத் திரும்பின என்பதை அவர் அடுத்து வந்த இரண்டு கல்யாணங்களில் சொல்லியிருக்கிறார். ஓரங்களில் கொஞ்சம் கொஞ்சம் நிறம் ஒட்டிக்கொண்டிருக்க, கட்டைகள் மீண்டும் மரமாயின.

புதன்கிழமை மாலை மாட்டினோம். ஒண்ணாம் தேதி சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு அவள் டிக்கெட் எடுத்திருந்தது எனக்குத் தெரியும். பெரிய பெட்டி பரணிலிருந்து கீழே இறங்கியிருந்தது. என் மனைவிக்கும் தெரியும். அதைச் சுற்றிக்கொண்டு நடந்தோமே தவிர யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவள் பொடியைப் பூசிக்கொண்டு பலகைக்கு அடியில் உட்கார்ந்து இரண்டு கட்டைகளைப் பிடித்தாள். எழுந்தாள். மூன்றாவது, நான்காவது. திருஷ்டி முகத்தின் காதருகே கை நழுவி மல்லாக்க மெத்தையில் விழுந்தாள். தளம் லேசாக அதிர்ந்தது. என் கணக்கு சரி.

"இதுக்குத்தானா இத்தனை அமர்க்களம்?" என்றாள் என் மனைவி. அவரைக்காய்த் தட்டோடு மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். "பூ வரைக்கும் கூடப் போகல."

மருமகள் சிரித்தாள். மறுபடி ஏறினாள். இந்த முறை உச்சி வரை போய்த் 'தாய் தந்தை ஆசி'யைத் தொட்டுவிட்டு இறங்கினாள்.

"அந்தக் குண்டுக் கட்டையப் புடிச்சு ஏறுனா நான் கூட ஏறுவேன். அதத் தொடாம போ பாக்கலாம்."

மருமகள் அப்படியே நின்றுவிட்டாள். "என்ன சொன்னீங்க அத்தை?"

"குண்டுக் கட்டைய உட்டுரு. வலதுகைல அந்தப் பச்சை ஓரம் தெரியற கட்டை. அப்பறம் நேரா அந்தச் சப்பைக் கட்டை. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லு, நான் போயி உலை வெக்கறேன்."

அன்று உலை வைக்க எட்டு மணியானது. அவள் அந்த வழியில் விழுந்துகொண்டே இருந்தாள். என் மனைவி கிளம்பவேயில்லை. காலை எங்கே வைக்கிறாய், அங்கே என்ன தேடுகிறாய், இடுப்பை ஏன் தொங்கவிடுகிறாய், இதையெல்லாமா பெங்களூரில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்கள் என்று வாய் ஓயாமல் வைதுகொண்டிருந்தாள். வியாழக்கிழமையும் அதே. நடுவில் அவளாகவே விதியை மாற்றி, இடது காலை நீலம் ஒட்டிய கட்டையில் வைக்கக்கூடாது என்று சேர்த்தாள். நியாயமில்லை என்று மருமகள் சண்டை போட்டாள். கீழே தெருவில் எதிர்வீட்டுக்காரர் நின்று அண்ணாந்து பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மாலை பஸ் நேரம் நெருங்கியது. பெட்டி மூடி வாசலருகே நின்றது. நான் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வழியனுப்பும் விழாக்களில் எனக்குப் போதிய அனுபவம் உண்டு. பேச்சு நீளக்கூடாது, அவ்வளவுதான். மாடியில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

ஏறிப் போய்ப் பார்த்தேன். மருமகள் ஊருக்குப் போகிற உடையிலேயே மெத்தையில் மல்லாந்து கிடந்தாள். என் மனைவி பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பஸ்சுக்கு நேரமாச்சு கண்ணு" என்றேன்.

"சப்பைக் கட்டைய ரெண்டு விரல் தொட்டுருச்சுங்க மாமா. இன்னொரு தடவை."

அந்த இன்னொரு தடவையிலும் விழுந்தாள். படுத்தபடியே போனை எடுத்துத் தோழியை அழைத்தாள். "அந்தக் கட்டிலை வேற யாருக்காச்சும் குடுத்துருடி. நான் வரல... இல்ல, இந்த வாரமும் இல்ல. இங்க ஒரு வழி போட்டிருக்காங்க, அதை முடிக்காம தூக்கம் வராது... யாரா? நீங்க எல்லாம் என்னை ஏசுறது ஒண்ணுமே இல்லடி. இவங்க ஏசுனா காது எரியுது."

போனை வைத்துவிட்டுக் கையில் மறுபடி பொடி பூசிக்கொண்டாள். என் மனைவி கீரையிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைக் கேட்டாள்.

"யாரைச் சொல்றா?"

"விசாரிக்கறேன்" என்றேன். கீழே போய்ப் பெட்டியைப் பரணில் ஏற்றி வைத்தேன்.